0.11 தப்பு, 0.13 சரியா?

வீட்டுச் சுவரில் ஷெல்ஃப் மாட்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். முதல் துளையில் பிரச்சினையே இல்லை. எங்கே போட்டாலும் அதுதான் சரியான இடம். வம்பெல்லாம் இரண்டாவது துளையில்தான். பென்சிலால் குறி வைத்து, டிரில்லை அழுத்திப் பிடித்து, மூச்சைக் கூட அடக்கிக்கொண்டு போட்டாலும், கடைசியில் ஸ்க்ரூ உள்ளே போகாது. அப்புறம் என்ன, டிரில்லை அப்படியும் இப்படியும் ஆட்டி துளையைப் பெரிதாக்கி, எப்படியோ மாட்டிவிட்டு, "ஸ்ட்ராங்காதான் இருக்கு" என்று வீட்டில் சொல்லிவிட வேண்டியதுதான் :-)

துளை போடுவது சுலபம். துளையைச் சொன்ன இடத்தில் போடுவதுதான் கஷ்டம். இந்த ஒரு வரியை வைத்துத்தான் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பட்டறைகள் லாபமும் நஷ்டமும் பார்க்கின்றன. அப்படி ஒரு பட்டறையில் நடந்த கதை இது. கணக்குப் பாடமும் கொஞ்சம் வரும், பயப்பட வேண்டாம்.

கோயம்புத்தூர் கணபதி பக்கம் சின்னப் பட்டறை ஒன்று. இரண்டு லேத், ஒரு மில்லிங், இரண்டு பில்லர் டிரில்லிங் மெஷின். ஆறு பேர் வேலை. பெரிய கம்பெனிகளிடமிருந்து சரக்கை வாங்கி, வேலையை முடித்துத் திருப்பிக் கொடுக்கும் ஜாப் ஒர்க்தான் பிழைப்பு. அங்கே டிரில்லிங் மெஷினில் நிற்பவருக்கு வயது 52. அதில் 26 வருடம் டிரில்லிங்கிலேயே போனது. முதலாளி அவரைவிட வயதில் சின்னவர் என்பதால் "அண்ணா" என்றுதான் கூப்பிடுவார்.

2023 கோடையில் 200 ஸ்டீல் தகடுகள் வந்தன. ஒவ்வொன்றிலும் நான்கு மூலைகளில் 8.4 மி.மீ. துளை. அதில் எம்8 போல்ட் நுழைந்து, இன்னொரு பாகத்தில் இருக்கும் மரையில் ஏறும். டிராயிங்கில் ஒவ்வொரு துளையின் இடமும் இரண்டு ஓரங்களிலிருந்து இத்தனை மி.மீ. என்று எழுதி, பக்கத்தில் ±0.1 என்று போட்டிருந்தது. அதாவது சொன்ன இடத்திலிருந்து இடவலமாக 0.1, மேல்கீழாக 0.1 வரை தள்ளிப்போகலாம். ஒரு தலைமுடியின் தடிமன் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும். ஒரு தகடுக்குக் கூலி 38 ரூபாய். தகடு கெட்டுப்போனால் பட்டறை கட்ட வேண்டிய சரக்கு விலை 420 ரூபாய்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு தகடு கெட்டால், அதன் விலையைக் கட்ட பதினொரு தகடுகளின் கூலி போதாது. பன்னிரண்டாவது தகடும் வேண்டும்.

நான்கு நாளில் வேலை முடிந்து சரக்கு போனது. ஐந்தாம் நாள் போன் வந்தது. 31 தகடுகள் ரிஜெக்ட். 31 பெருக்கல் 420... 13,020 ரூபாய். மொத்தக் கூலியே 7,600 ரூபாய்தான்.

முதலாளி நேராக டிரில்லிங் மெஷினுக்கு வந்தார். "என்னங்ண்ணா, இப்படிப் பண்ணிப் போட்டீங்க?" அதற்குமேல் திட்டவில்லை. மறுநாள் காலையில் பெரியவர் வந்தபோது அவருடைய மெஷினில் ஒரு சின்னப் பையன் நின்றிருந்தான். "நீங்க கொஞ்ச நாளைக்குப் பிசிறு எடுங்கண்ணா" என்று கையில் ஃபைலைக் கொடுத்துவிட்டார்கள். துளை போட்ட பிறகு விளிம்பில் நிற்கும் பிசிறை ராவி எடுக்கும் வேலை அது. புதிதாகச் சேரும் பையன்களுக்குத்தான் கொடுப்பார்கள்.

கதை அப்படியே இருக்கட்டும். டிரில் ஏன் சொன்ன இடத்தில் நிற்பதில்லை என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

டிரில்லின் நுனி ஊசி மாதிரி கூர்மையானது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உற்றுப் பார்த்தால் அப்படி இல்லை. இரண்டு வெட்டும் விளிம்புகள் சேரும் நடுவில் ஒரு சின்னக் குறுக்குக் கோடு இருக்கும். சிசல் எட்ஜ் என்பார்கள். அது சரியாக வெட்டாது, உலோகத்தைப் பிதுக்கித் தள்ளும், அவ்வளவுதான். ஆகவே சுழலும் டிரில் வழவழப்பான தகட்டைத் தொட்டதும், பிடிமானம் கிடைக்கும்வரை வழுக்கிக்கொண்டு அலையும். எந்த இடத்தில் கடிக்கிறதோ அதுதான் துளையின் இடம். பட்டறைக்காரர்கள் இதை "டிரில் நடக்குது" என்பார்கள். சரிவான பரப்பிலும் வளைந்த பரப்பிலும் இன்னும் வேகமாக நடக்கும். டிரில் நீளமாக இருந்தால் வளையவும் செய்யும். சாணை பிடிக்கும்போது இரண்டு விளிம்பும் சமமாக அமையாவிட்டால் துளையின் அளவே கூடிவிடும்.

இந்த நடையை நிறுத்தச் சில வழிகள் உண்டு. பழைய வழி சென்டர் பஞ்ச். சுத்தியலால் ஒரு தட்டு தட்டிக் குழி வைத்தால் நுனி அதில் உட்காரும். ஆனால் அந்தக் குழி எங்கே விழும் என்பதைக் கண்ணும் கையும்தான் முடிவு செய்யும். அடுத்தது ஸ்பாட் டிரில். குட்டையான, வளையாத ஒரு டிரில்லால் முதலில் சின்னக் குழி போட்டுவிட்டு, பிறகு அசல் டிரில்லை இறக்குவது. சிஎன்சி மெஷின்களில் இந்த முறையை நிறையப் பார்க்கலாம். மூன்றாவது ஜிக். தகட்டை ஒரு சட்டத்தில் வைத்து இறுக்கிவிடுவார்கள். சட்டத்தின் மேல்பக்கம் துளை வர வேண்டிய இடங்களில் கடினமாக்கப்பட்ட ஸ்டீல் புஷ் இருக்கும். டிரில் அந்த புஷ் வழியாகத்தான் இறங்க முடியும் என்பதால் நடக்க வழியில்லை. ஒரே மாதிரி 200 தகடு என்றால், சிஎன்சி இல்லாத பட்டறைக்கு ஜிக்தான் கதி. இந்தத் தகடுகளும் ஜிக்கில்தான் போடப்பட்டன.

இன்னொரு விஷயம். தள்ளிப்போன துளையை ரீமர் விட்டுச் சரிசெய்துவிடலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. முடியாது. ரீமர் துளையின் அளவைத் திருத்தும், உட்பக்கத்தை வழவழப்பாக்கும். இடத்தைத் திருத்தாது, ஏற்கெனவே இருக்கும் துளையின் பின்னாலேயே போய்விடும். இடத்தைத் திருத்த ஒற்றை முனை டூலால் போரிங் செய்ய வேண்டும். அதற்குத் துளையில் இன்னும் வெட்ட உலோகம் மிச்சம் இருக்க வேண்டும். முழு அளவுக்குப் போட்டாகிவிட்டதா? முடிந்தது கதை. கணக்குப் புத்தகத்தில் தவறாக எழுதினால் திருத்தப் பதிவு போட்டுவிடலாம். ஸ்டீலில் அந்த வசதி கிடையாது.

சரி, பட்டறைக்கு வருவோம். குற்றவாளி யார்?

முதலாளியின் முதல் சந்தேகம் வெயில்மேல். "நம்ம ஷெட்டுல 35 டிகிரி. அவுங்க ஏசி ரூம்ல வெச்சு அளக்கறாங்க. வித்தியாசம் வராம என்ன பண்ணும்?" கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அளவுகளை 20 டிகிரி செல்சியஸில் பார்க்க வேண்டும் என்பது உலக வழக்கம். ஒரு மீட்டர் ஸ்டீல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 11.5 மைக்ரான் நீளும். ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு. துளைக்கும் துளைக்கும் இடைவெளி 180 மி.மீ., வித்தியாசம் 15 டிகிரி என்றால் சுமார் 31 மைக்ரான் வரும், அதாவது 0.03 மி.மீ. ±0.1-இல் இது சின்ன எண் இல்லை.

ஆனால் இங்கே வெயில் குற்றவாளி இல்லை. ஜிக்கும் ஸ்டீல், தகடும் ஸ்டீல். ஷெட்டில் இரண்டும் ஒன்றாக நீண்டன, ஏசி ரூமுக்குப் போனதும் தகடு தன் பழைய அளவுக்குச் சுருங்கிவிட்டது. தகடு அலுமினியமாக இருந்திருந்தால் வேறு கதை. அலுமினியம் ஸ்டீலைப்போல இரண்டு மடங்கு விரியும். அப்போது முதலாளி சொன்னதில் பாதியாவது உண்மையாகியிருக்கும்.

சரக்கோடு ரிப்போர்ட்டும் திரும்பி வந்திருந்தது. சிஎம்எம் மெஷினில் அளந்த ரிப்போர்ட். ஒவ்வொரு துளைக்கும் எக்ஸில் எவ்வளவு தள்ளியிருக்கிறது, ஒய்யில் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று இரண்டு எண்கள். 200 தகடுக்கும் இருந்தது. பிசிறு எடுக்க அனுப்பப்பட்ட பெரியவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தத் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். படிப்பு எட்டாம் வகுப்புதான். ஆனால் மி.மீ.யில் நூறில் ஒரு பங்கு அவருக்கு வீட்டு முகவரி மாதிரி.

இரண்டு வரிகளில் கண் நின்றது. ஒரு தகடு எக்ஸில் 0.11, ஒய்யில் 0.01. ரிஜெக்ட். இன்னொரு தகடு எக்ஸில் 0.10, ஒய்யில் 0.09. ஓகே. "ரெண்டு பக்கமும் தள்ளினது பாஸு, ஒரு பக்கம் தள்ளினது ஃபெயிலா?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ரூல் அப்படித்தாங்ணா என்றார்கள்.

தாள்களைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனார். பையன் அப்போதுதான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தான். "ஏப்பா, ஒரு ஓட்டை இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் ஒம்பது தள்ளிப்போனா, மொத்தம் எவ்வளவு தள்ளிப்போச்சு?" பையன் யோசிக்கவே இல்லை. "பிதாகரஸ்ப்பா." பத்தின் வர்க்கம் நூறு, ஒன்பதின் வர்க்கம் எண்பத்தொன்று, இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 13.45. அதாவது ஓகே ஆன துளை உண்மையில் 0.13 மி.மீ.க்கும் மேலே தள்ளியிருக்கிறது. ரிஜெக்ட் ஆன துளை தள்ளியிருப்பது 0.11 மட்டுமே.

தூரத்தில் இருப்பவன் பாஸ், பக்கத்தில் இருப்பவன் ஃபெயில்!

ஏன் இப்படி? ±0.1, ±0.1 என்று இரண்டு திசையில் தனித்தனியாகச் சொன்னால், துளையின் மையம் இருக்கக்கூடிய இடம் ஒரு சதுரம் ஆகிவிடுகிறது. பக்கம் 0.2 மி.மீ. உள்ள சதுரம். நடுவிலிருந்து நேராகப் போனால் 0.1-இல் சுவர் வந்துவிடும். மூலையை நோக்கிப் போனால் 0.141 வரை போகலாம். ஆனால் போல்ட் உருண்டையானது. அதற்குச் சதுரமும் தெரியாது, மூலையும் தெரியாது. எந்தத் திசையில் தள்ளியிருக்கிறது என்று அது கேட்பதே இல்லை, எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதுதான் அதற்கு முக்கியம். மூலையில் 0.141 தள்ளியிருக்கும்போது போல்ட் நுழைகிறது என்றால், எல்லாத் திசையிலும் 0.141 வரை நுழைந்துதானே ஆக வேண்டும்?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் கோயம்புத்தூர்க்காரர் இல்லை. ஸ்காட்லாந்தில் அலெக்சாண்ட்ரியா என்ற ஊரில் பிரிட்டிஷ் கடற்படையின் ராயல் டார்பிடோ ஃபேக்டரி இருந்தது. அங்கே வேலை பார்த்தவர் ஸ்டான்லி பார்க்கர். டிராயிங்படி தவறு என்று ஒதுக்கப்பட்ட பாகங்கள் பொருத்திப் பார்த்தால் ஒழுங்காகப் பொருந்துகின்றன என்பது அவர் கவனித்த விஷயம். அப்படியென்றால் தவறு பாகத்திலா, டிராயிங்கிலா? துளைக்கான எல்லை சதுரமாக இல்லாமல் வட்டமாக இருக்க வேண்டும் என்ற யோசனையை அவர் பெயரோடுதான் சேர்த்துச் சொல்கிறார்கள். 1940-இல் அவருடைய குறிப்புகள் வெளிவந்தன. 1956-இல் டிராயிங்கும் அளவுகளும் பற்றித் தனிப் புத்தகமும் எழுதினார். இன்று உலகம் முழுக்க டிராயிங்குகளில் வட்டத்துக்குள் சிலுவை போட்ட குறி ஒன்றைப் பார்க்கலாம். துளையின் இடத்துக்கான எல்லையைச் சொல்லும் குறி அது. அமெரிக்காவின் ஒய்14.5 தரநிலையில், 2018 பதிப்பு உட்பட, அதற்கான விதிகள் விரிவாக இருக்கின்றன.

கணக்கில் இது எவ்வளவு? சதுரத்தின் பரப்பு 0.2 பெருக்கல் 0.2, அதாவது 0.04. அதன் நான்கு மூலைகளையும் தொட்டுக்கொண்டு வரையும் வட்டத்தின் பரப்பு 0.0628. 57 சதவீதம் அதிக இடம்! மெஷின் மாறவில்லை, ஆள் மாறவில்லை, போல்ட்டின் பொருத்தமும் கெடவில்லை. டிராயிங்கில் சதுரம் வட்டமானால், குப்பைக்குப் போகும் நல்ல பாகங்கள் பிழைத்துக்கொள்ளும்.

அன்று ராத்திரி அந்த வீட்டில் பார்க்கரைப் பற்றி யாருக்கும் தெரியாது. பரீட்சைக்கு வாங்கியதில் மிச்சமிருந்த கிராஃப் தாள் இருந்தது. பையன் நடுவில் புள்ளி வைத்து ஒரு சதுரம் வரைந்தான். அதன் மூலைகளைத் தொட்டு காம்பஸால் ஒரு வட்டம். பிறகு அப்பா எண்களை வாசிக்க வாசிக்க, ரிஜெக்ட் ஆன 31 தகடுகளிலும் மோசமான துளையை மட்டும் எடுத்துப் புள்ளி வைத்துக்கொண்டே வந்தான். முடித்தபோது மணி பதினொன்று.

31-இல் 19 புள்ளிகள் சதுரத்துக்கு வெளியே, ஆனால் வட்டத்துக்கு உள்ளே. மீதி 12 வட்டத்துக்கும் வெளியே.

பையனுக்கு ஒரே சந்தோஷம். அப்பா அந்த 12 புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். 19 புள்ளிகளும் நான்கு திசையிலும் சிதறிக் கிடந்தன. இந்த 12 மட்டும் ஒரே பக்கமாக ஒதுங்கியிருந்தன. "இதெல்லாம் எந்த ஓட்டைனு பாருப்பா." பார்த்தான். 12-இல் 11 மூன்றாம் எண் துளை.

அவருக்குப் புரிந்துவிட்டது.

மூன்றாவது துளை போடும்போது ஜிக்கை இறுக்கும் கைப்பிடி மெஷினின் தூணில் இடிக்கும். ஜிக் முழுசாக ஸ்பிண்டிலுக்கு நேர்கீழே வராது, ஒரு நூல் குறையும். அதனால் டிரில் ஒவ்வொரு முறையும் புஷ்ஷின் ஒரு பக்கத்தை உரசிக்கொண்டேதான் இறங்கும். புஷ் என்னதான் கடினமான ஸ்டீலாக இருந்தாலும், லாட்டுக்கு லாட் உரசினால் தேயத்தான் செய்யும். தேய்ந்த பக்கம் டிரில் சாயும். துளையும் அந்தப் பக்கம் போகும். இதை அவர் இரண்டு மாதம் முன்பே சொல்லியிருந்தார். கைப்பிடியைக் கொஞ்சம் வெட்ட வேண்டும், புஷ் மாற்ற வேண்டும் என்று. "அடுத்த லாட்டுக்குப் பாத்துக்கலாங்ண்ணா" என்று பதில் வந்தது. நாலு புஷ்ஷும் சேர்த்து 880 ரூபாய்.

மறுநாள் கிராஃப் தாளோடு போனார். முதலாளி முதலில் வட்டத்தைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. பிறகு ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்த 12 புள்ளிகளைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. ஒரு புது டிரில்லை எடுத்து மூன்றாவது புஷ்ஷுக்குள் விட்டு ஆட்டினார். கண்ணுக்கே தெரிகிற மாதிரி ஆடியது.

இனிமேல்தான் முக்கியமான இடம். பட்டறைக்கு டிராயிங்கை மாற்ற உரிமை இல்லை. டிராயிங் சதுரம் என்றால் சதுரம்தான். "போல்ட் போகுதுங்க, வாங்கிக்கங்க" என்று சொன்னால் யாரும் வாங்க மாட்டார்கள், வாங்கவும் கூடாது. இன்றைக்கு ஒரு லாட்டில் நூல் இழை தளர்த்தினால் நாளைக்குக் கயிறு அறுந்துவிடும். ஆகவே முதலாளி சரக்கு கொடுத்த கம்பெனியின் டிசைன் பிரிவுக்கே போனார். கையில் அதே கிராஃப் தாள்.

அங்கே இருந்த இன்ஜினியர் சிரிக்கவில்லை. கணக்குப் போட்டார். துளை 8.4, போல்ட் 8. ஆக மொத்த இடைவெளி 0.4. எதிர்ப்பக்கத்து மரைத் துளை சிஎன்சியில் போடுவது, அதற்கு 0.12 விட்டத்தில் ஒரு வட்டம் போதும். மீதி 0.28 இந்தத் தகடுக்கு. 0.28 விட்டம் என்றால் நடுவிலிருந்து 0.14. கிராஃப் தாளில் காம்பஸால் போட்ட அதே வட்டம்! 19 தகடுகளுக்கு எழுத்தில் அனுமதி கொடுத்தார். 12-க்கு இல்லை. துளையை 9 மி.மீ. ஆக்கிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கும் இல்லை என்றுவிட்டார். அடுத்த முறை டிராயிங்கைத் திருத்தச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

12 பெருக்கல் 420, மொத்தம் 5,040 ரூபாய். 880 ரூபாயைத் தள்ளிப் போட்டதற்கு விலை. செலவு புத்தகத்தில் ஏறாவிட்டால் அது லாபம் என்று நினைப்பதுதான் இதில் இருக்கும் தப்பு. தேய்ந்துகொண்டிருந்த புஷ் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. ஆனால் ஒவ்வொரு துளையிலும் அது ஏறிக்கொண்டுதான் இருந்தது.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அந்தக் கிராஃப் தாள் பெரியவருக்குச் சாதகமா, பாதகமா? 19 தகடுகளில் அவர்மேல் குற்றமே இல்லை என்று காட்டியது. 12 தகடுகளில் துளை உண்மையிலேயே தவறு என்றும் காட்டியது. அதையும் மறைக்காமல்தான் கொண்டுபோனார். 19-ஐ மட்டும் காட்டியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் மூன்றாவது புஷ் இன்னும் அந்த ஜிக்கிலேயே இருந்திருக்கும்.

முதலாளி மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலையில் டிரில்லிங் மெஷின் மேசைமேல் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய நாலு புது புஷ் இருந்தது. ஜிக்கின் கைப்பிடி அரை அங்குலம் வெட்டப்பட்டிருந்தது. மெஷினில் நின்ற சின்னப் பையன் ஃபைலை எடுத்துக்கொண்டு நகர்ந்துகொண்டான். பெரியவர் அவனைக் கூப்பிட்டு, பழைய புஷ்ஷுக்குள் டிரில்லை விட்டு ஆட்டச் சொன்னார். பிறகு புது புஷ்ஷுக்குள் விட்டு ஆட்டச் சொன்னார்.

"வித்தியாசம் கையில தெரியுதா?"

"தெரியுதுங்ண்ணா."

"அப்ப நீ இன்னிக்கு இங்கயே நில்லு. பிசிறு நாளைக்கு எடுத்துக்கலாம்."